பூனைச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு யார்?

வாடகை ஒப்பந்தத்தில் ‘பிராணிகள் வளர்க்கக் கூடாது’ என்று எழுதினாலும் ஒன்ராறியோவின் வாடகைச் சட்டப்படி அது செல்லாது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் தொடர்மாடிகளில் இத்தனை பூனைகள் வளர்வதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். ஊரில் பூனை தன் சாப்பாட்டில் பாதியைத் தானே தேடிக்கொள்ளும். பதினைந்தாம் மாடியில் வளரும் பூனைக்கு நாம் உடைத்து வைக்கும் பேணிதான் எல்லாம். காலையும் மாலையும், வருடக்கணக்காக, அதே பிராண்ட். அதில் நஞ்சு இருந்தால் அந்தச் சீவனுக்குத் தப்ப வழியே இல்லை.

அப்படி ஒரு முறை நடந்தது. அந்த உணவை விற்ற நிறுவனம் இங்கே பக்கத்தில்தான் இருந்தது.

மிஸிஸாகாவின் ஸ்ற்றீற்ஸ்வில்லைத் தலைமையிடமாகக் கொண்ட மெனு ஃபுட்ஸ், 2007 மார்ச் 16 அன்று 6 கோடி பேணிகளையும் பைக்கற்றுகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பூனைகளும் நாய்களும் சாப்பாட்டைத் தொடாமல், ஓயாமல் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தன. அறிவிப்புக்கு முன்பே நிறுவனத்தின் சொந்த உணவுச் சோதனையிலும் விலங்குகள் இறந்திருந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு வந்த முறைப்பாடுகளின்படி இறந்தவை சுமார் 1,950 பூனைகள், 2,200 நாய்கள்.

காரணம் மெலமைன். ஊரில் உடையாத தட்டும் கோப்பையும் செய்வார்களே, அதே மெலமைன்தான். இறைச்சித் துண்டுகள் மிதக்கும் குழம்பைத் தடிப்பாக்க கோதுமைக் குளூட்டன் சேர்ப்பார்கள். குளூட்டனில் புரதம் எவ்வளவு என்பதை ஆய்வுகூடம் நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து கணக்குப் போடுகிறது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். மலிவான மாவில் அதைக் கலந்தால் பரிசோதனையில் உயர்ந்த புரதமாகக் காட்டும். கூடவே சயனூரிக் அமிலமும் இருந்ததுதான் உயிரைக் குடித்தது. இரண்டும் சேர்ந்தால் பூனையின் சிறுநீரில் பளிங்குத் துணிக்கைகள் உருவாகின்றன என்பதை ஒன்ராறியோவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அந்தத் துணிக்கைகள் சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிட்டன.

அந்தக் குளூட்டன் வந்த வழியைக் கவனியுங்கள். சீனாவின் சூஜோ அன்யிங் என்ற நிறுவனம் தயாரித்தது. ஏற்றுமதி செய்தது ஒரு துணி வியாபார நிறுவனம். கட்டாயப் பரிசோதனை தேவைப்படாத சரக்கு என்று பதிந்து அனுப்பியது. லாஸ் வேகாஸில் இருந்த கெம்நியூட்ரா அதை இறக்குமதி செய்தது. கான்சாஸிலும் நியூ ஜேர்சியிலும் இருந்த மெனு ஃபுட்ஸ் ஆலைகளில் அது பேணிக்குள் போனது. அங்கிருந்து ஏறக்குறைய நூறு பிராண்டுகளின் பெயரில் கடைத் தட்டுக்கு வந்தது. விலை கூடிய ஐயம்ஸும் அதில் இருந்தது, வால்மார்ட்டின் மலிவான ஓல் ராயும் இருந்தது. கூடுதலாகக் காசு கொடுத்தவர்களின் பூனையும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு அதே மெலமைன் தந்திரம் சீனாவில் குழந்தைப் பால்மாவில் வெளிப்பட்டது. ஆறு குழந்தைகள் இறந்தன.

இவ்வளவுக்குப் பிறகு அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. 2011இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிராணி உணவு ஆலைகளையும் உள்ளடக்கியது. கனடாவில் என்ன நடந்தது? பைத்தியமாட்டு நோய்க்குப் பயந்து, மாட்டின் மூளை, முண்ணாண் போன்ற ஆபத்தான பாகங்களை 2007 ஜூலையிலிருந்து பிராணி உணவிலும் தடைசெய்தார்கள். அது நல்ல சட்டம். ஆனால் இங்குள்ள தீனிச் சட்டம் கால்நடைகளுக்கானது. பூனையும் நாயும் அதற்குள் வருவதில்லை. உணவுப் பரிசோதனை முகமை இறக்குமதியில் முக்கியமாகப் பார்ப்பது விலங்கு நோய் நாட்டுக்குள் வருகிறதா என்பதை. லேபிளில் பொய் சொன்னால் அது போட்டிப் பணியகத்தின் வேலை. கனடிய மிருக வைத்தியர் சங்கம் நடத்திய தரச் சான்றிதழ்த் திட்டமும் 2007உடன் நின்றுபோனது. இத்தனை அமைப்புகள் இருந்தும், பேணிக்குள் இருப்பது பாதுகாப்பானதா என்று விற்பனைக்கு முன் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. இது பெரிய குறை என்பதே என் கருத்து.

லேபிளையும் சற்று உற்றுப் பாருங்கள். அமெரிக்க விதிப்படி ‘சிக்கன்’ என்று மட்டும் பெயர் வைத்தால், சேர்க்கும் தண்ணீரை விட்டுப் பார்த்தால் 95 வீதம் கோழி இருக்க வேண்டும். ‘சிக்கன் டின்னர்’ என்றால் 25 வீதம் போதும். ‘வித் சிக்கன்’ என்றால் வெறும் 3 வீதம். மூன்றிலும் படத்தில் இருப்பது ஒரே கோழிதான். பின்பக்கம் ‘இன்னாருக்காகத் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தால், தயாரித்தவர் வேறு ஆள் என்று அர்த்தம்.

அப்படியானால் வீட்டுச் சாப்பாட்டையே கொடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். மீன்குழம்புச் சோறு பூனைக்கு ஆகாது. வெங்காயமும் உள்ளியும் அதன் செங்குருதிக் கலங்களை அழிக்கும். சோற்றில் அதற்கு அத்தியாவசியமான ரோரின் என்ற சத்து இல்லை. பச்சை இறைச்சி உணவும் இப்போது பிரபலம். ஆனால் கனடாவின் ஆறு மாகாணங்களில் 40 பேருக்கு, பல மருந்துகளுக்கு அடங்காத சல்மொனெல்லா தொற்றியிருந்தது 2023இல் தெரியவந்தது. பச்சையான பிராணி உணவும் மாடுகளுடனான தொடர்பும் அதற்குக் காரணம் என்று பொதுச் சுகாதார முகமை சொன்னது. நோயுற்றவர்களில் பலர் சின்னக் குழந்தைகள். ஒரே குசினியில் பூனைக்கும் பிள்ளைக்கும் சமைக்கும் சிறிய வீடுகளில் இதை இலேசாக எடுக்கக் கூடாது.

ஆகவே பேணியை வெட்டியதும் எறிந்துவிடாதீர்கள். அடியில் உள்ள தொகுதி இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். எந்த ஆலையில் செய்கிறீர்கள், புரதம் எங்கிருந்து வருகிறது என்று கொம்பனிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் தராத கொம்பனியின் உணவை வாங்காதீர்கள். பூனை திடீரென்று சாப்பாட்டை வெறுத்துத் தண்ணீரையே தேடினால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அப்படியே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்: மாட்டுத் தீனிக்கு இருக்கும் சட்டத்தைப் பூனைக்கும் நாய்க்கும் விரிவாக்கச் சொல்லிக் கேளுங்கள்.