பந்திக்கு முந்தும் மீன்

வேலை முடிந்து வீடு திரும்பியவர், மாலைப் பொழுதிலே மீன் தொட்டியின் முன் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்தால், அன்றைய அலுப்பெல்லாம் அகன்றுவிடும். வண்ண மீன்கள் செடிகளுக்கிடையே வளைந்து நெளிந்து செல்லும் காட்சி, சண்டை சச்சரவற்ற ஓர் உலகம் வீட்டு மூலையிலே அமைந்துவிட்டதோ என எண்ணச் செய்யும். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு மெலிந்த மீன்.

எமது தொட்டியில் ஐந்து ஏஞ்சல் மீன்கள் வளர்ந்தன. தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்ட இவை, தட்டையான உடலும் நீண்ட செட்டைகளும் உடையவை. வாங்கியபோது ஐந்தும் ஏறக்குறைய ஒரே அளவினவாயிருந்தன. மூன்று மாதங்கள் கழிந்தபோது ஒன்று கொழுத்துப் பெருத்திருந்தது. மூன்று அதற்கடுத்தபடியாக வளர்ந்திருந்தன. ஐந்தாவதோ வாங்கிய நாளில் இருந்தவாறே சிறுத்து, வயிறு ஒட்டி, வால் நுனி கிழிந்து, மூலையொன்றில் ஒதுங்கி நின்றது.

நோயென்று கருதி மருந்திட்டோம், பயனில்லை. உணவு போதவில்லையென்று கருதி முன்னிலும் அதிகமாகத் தூவினோம். பெரிய மீன் மேலும் பெருத்தது. எஞ்சிய உணவு அடியில் அழுகி நீர் கலங்கிற்று. சிறிய மீன் மேலும் மெலிந்தது. இந்நிலையில் எமது ஆறு வயது மகள் ஒருநாள், "அந்தக் குட்டி மீனுக்கு மட்டும் ஏன் சாப்பாடு கொடுப்பதில்லை?" என்று கேட்டாள். அக்கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. உணவிடுவதை நாம் ஒருநாளும் மறந்ததில்லை. உண்பதைத்தான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மறுநாள் உணவிட்டபின் அகலாது நின்று கவனித்தோம். தொட்டியின் ஒரே மூலையில் உணவிடுவது எமது வழக்கம். எமது நிழல் கண்டதும் பெரிய மீன் அம்மூலையை வந்தடைந்து முதலில் உண்டது. இரண்டாவது மீன் நெருங்கியபோது, பெரியது செட்டைகளை விரித்துக் காட்டிற்று, அது பின்வாங்கிற்று. இரண்டாவது மூன்றாவதை விரட்டிற்று. மூன்றாவது நான்காவதை இடித்துத் தள்ளிற்று. ஐந்தாவதை எவரும் விரட்ட வேண்டியதுமில்லை. ஏனையவை திரும்பிப் பார்த்த மாத்திரத்தே அது தானாகவே மூலைக்கு ஓடிவிட்டது. "பந்திக்கு முந்து" என்று பெரியோர் சொன்னதை அந்தப் பெரிய மீன் நன்கு கற்றிருந்தது போலும்!

இத்தகைய ஏற்றத்தாழ்வைக் கோழிகளிடையே கண்டு 1920களின் தொடக்கத்தில் விளக்கியவர், நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளரான ஷெல்டெறப் எப்பே. எந்தக் கோழி எதனைக் கொத்தலாம், எது எதற்கு அஞ்சி விலக வேண்டும் என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அவர் காட்டினார். மீன்கள் பலவற்றிலும் இவ்வாறான படிவரிசை உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. பெரும்பாலும் பருமனிற் கூடியதும், அவ்விடத்திற்கு முன்னதாக வந்து குடியேறியதும் மேற்படியைப் பிடித்துக்கொள்கின்றன. இதனால் ஒரு நன்மையும் உண்டு. வரிசை நிலைத்தபின், உயிருக்கு ஆபத்தான சண்டைகள் குறைந்து, வெறும் மிரட்டலே போதுமானதாகிவிடுகின்றது. ஆயின், அவ்வமைதிக்கான விலையைக் கடைசிப் படியில் நிற்கும் மீனே கொடுக்கின்றது.

ஆங்கிலேயர் காலத்தில் நமது நுவரெலியாப் பகுதி நீரோடைகளிலும் கொண்டுவந்து விடப்பட்ட ட்ரவுட் மீன்களை, மேல்நாட்டு ஆராய்ச்சியாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தாழ்ந்த நிலையிலுள்ள ட்ரவுட்டின் இரத்தத்தில் கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகுந்து காணப்படுகின்றது. அதற்குப் பசியும் குன்றி, வளர்ச்சியும் தடைப்படுகின்றது. அஃதாவது, வலிய மீன் உணவைத் தட்டிப் பறிப்பது ஒரு புறமிருக்க, ஓயாத அச்சமே எளிய மீனின் உண்ணும் விருப்பத்தைக் கெடுத்துவிடுகின்றது. நாம் அள்ளியள்ளித் தூவியும் எமது குட்டி மீன் தேறாததன் காரணம் இப்பொழுதுதான் புரிந்தது.

இதற்குப் பரிகாரம் யாது? 1979இல் ஜேர்மனிய ஆராய்ச்சியாளர் மான்பிறெட் மிலின்ஸ்கி வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இங்கு துணைசெய்கின்றது. முதுகில் முட்களையுடைய ஸ்டிக்கிள்பாக் என்னும் சிறு மீன்கள் ஆறினை ஒரு தொட்டியில் விட்டு, இரு முனைகளிலும் உணவிட்டார். ஒரு முனையில் மற்றதிலும் பார்க்க இருமடங்கு விரைவாக இட்டார். சிறிது நேரத்தில் சராசரியாக நான்கு மீன்கள் உணவு மிகுந்த முனையிலும், இரண்டு மற்ற முனையிலும் பிரிந்து நின்றன. உணவு ஈரிடங்களிற் கிடைக்குமாயின், மீன்களும் ஈரிடங்களுக்குப் பிரிகின்றன. ஒரே மூலையைக் காவல் செய்வது எளிது. இரண்டு மூலைகளை ஒரே வேளையில் எந்த மீனாலும் காவல் செய்ய முடியாதன்றோ?

மெலிந்த மீனைச் சில வாரங்கள் வேறொரு சிறு தொட்டியிலிட்டு, நுளம்புக் குடம்பிகளைக் கொடுத்துத் தேற்றினோம். அதனைத் திரும்ப விடுவதற்கு முன், பெரிய தொட்டியின் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்தோம். பழைய எல்லைகள் குலைந்தமையால், எல்லா மீன்களும் புதிதாகக் குடிவந்தவை போலாயின. ஒன்றையொன்று எந்நேரமும் காணாதவாறு செடிகளை அடர்த்தியாக நட்டோம். அன்றுமுதல் உணவைச் சிறிது சிறிதாக, ஒன்றுக்கொன்று தூரமான மூன்று இடங்களில் ஒரே வேளையில், இரண்டு மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கக்கூடிய அளவில் இடுகின்றோம்.

குட்டி மீன் இன்றும் ஐந்தில் சிறியதே. எனினும் அதன் வயிறு ஒட்டியிருக்கவில்லை, வாலும் வளர்ந்துவிட்டது. ஏஞ்சல் மீன்கள் முதிர்ந்து சோடி சேரும்போது முட்டையிடும் இடத்திற்காக மீண்டும் மூர்க்கங்கொள்ளும். அக்காலத்தில் சோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றவேண்டியிருக்கும்.

மீன் வளர்க்கும் வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. நாம் இட்ட உணவு எவ்வளவு என்பது நமது கைக்குத் தெரியும். அது எந்த வயிற்றைச் சென்றடைந்தது என்பதைக் கண்தான் சொல்லவேண்டும். ஆகவே, இன்று மாலை உணவிட்டபின் ஐந்து நிமிடம் தொட்டியருகே நில்லுங்கள். முதலில் உண்ணும் மீனையன்று, கடைசியாக வரும் மீனைப் பாருங்கள்.