கடல் பார்க்கவும் கணக்கு வேண்டும்

வருடம் முழுக்க லாச்சிக்கு முன்னால் குந்தியிருக்கும் நம்மவர்கள், பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் டிசம்பர் லீவில் வேன் பிடித்துப் பாசிக்குடாவுக்கு ஓடுகிறார்கள். நானும் ஒரு வருடம் ஓடினேன். ரூம் மலிவு என்று முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, மூன்று நாளும் யன்னலுக்குள்ளால் மழை பார்த்தோம். பணமும் திரும்பவில்லை.

மலிவுக்குக் காரணம் வடகீழ்ப் பருவமழை. உலகமே சொல்லும் கரீபியன் கரைகளிலும் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். ரூம் வாடகை விழும். சரக்கு மலிந்தால் ஏன் என்று துருவும் வியாபாரி, ரூமுக்கு மட்டும் கேட்பதில்லை!

கிழக்குக் கடல் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அமைதி. ஓகஸ்ட் லீவு அதற்குத் தோது. டிசம்பரில்தான் முடியுமென்றால் தெற்கே உனவட்டுனவுக்குப் போங்கள். புசல்லாவைக்காரர் பாசிக்குடாவுக்கு வழி கேட்கவே வேண்டாம். நம் கடைவாசல் ஏ5 வீதிதான் நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா கடந்து செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து வடக்கே வாழைச்சேனைப் பக்கம் போனால் சரி.

முற்பணம் கால்பங்குக்கு மேல் கொடாதீர்கள். திகதி மாற்ற இடமுண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த செக் எந்தத் திகதிக்கு பேங்க் போகிறது என்பதையும் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டுங்கள்.