ஆங்கில மொழித்திறன் தேர்வும் பள்ளியின் ஆயத்தமும்



தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவன் ஆயத்தமாக இருக்கின்றானா என்னும் வினாவே எல்லாருடைய உள்ளத்திலும் எழுகின்றது. பள்ளி ஆயத்தமாக இருக்கின்றதா என்று கேட்போர் மிகச் சிலரே. மாணவனின் அறிவைத் தேர்வு அளக்கின்றது என்பது உண்மையாயின், அளக்கும் கருவி பழுதின்றி இருத்தல் வேண்டும். அக்கருவியைச் செம்மையாக வைத்திருப்பது பள்ளியின் கடமையாகும். அக்கடமையைப் பற்றி, குறிப்பாக ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் வகைபற்றி, இக்கட்டுரையில் சிறிது விளக்க விழைகின்றோம்.

பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்கு இதனை விளக்க நெடிய உரை தேவையில்லை. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, தம் நிரையிலுள்ள மரங்களை வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுகின்றார் தொழிலாளி. அதனை நிறுத்து, நீர் கலந்த பாலில் மெட்ரோலேக் என்னும் கருவியை மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு ரப்பர் உள்ளது என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள்வார் கிராணி. தராசு பழுதாயினும் கருவி பழுதாயினும் தொழிலாளியின் உழைப்பு குறைந்துவிடுவதில்லை. ஆனால் ஏட்டில் குறைந்துவிடும். ஏட்டில் குறைந்தால் கூலியிலும் குறையும். பழுதுபட்ட தேர்வும் அத்தகையதே. அதனால் குறைவது கூலியன்று. ஒரு பிள்ளை தன்மீது வைத்திருக்கும் நம்பிக்கை.

மொழித்திறன் என்பது யாது?

பாடத்தேர்வு வேறு, மொழித்திறன் தேர்வு வேறு. கற்பித்த பாடத்தை மாணவன் நினைவிற்கொண்டிருக்கின்றானா என்று பார்ப்பது பாடத்தேர்வு. அம்மொழியைக் கொண்டு அவனால் என்ன செய்ய இயலும் என்று பார்ப்பது மொழித்திறன் தேர்வு. ‘என் குடும்பம்’ என்னும் கட்டுரையை ஆங்கிலத்தில் மனனம் செய்து பிழையின்றி எழுதும் மாணவன், வழி தவறித் தோட்டத்திற்கு வந்த ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால் விடையளிக்க இயலாமல் நிற்கக்கூடும். அவன் சோம்பேறியல்லன். அவன் பெற்ற பயிற்சி ஒன்று. அவனிடம் கேட்கப்பட்டது மற்றொன்று.

மொழித்திறன் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நால்வகைப்படும். இவற்றை அளப்பதற்கு ஐரோப்பிய மன்றம் 2001 ஆம் ஆண்டில் ஒரு பொதுக் கட்டமைப்பை வெளியிட்டது. சி.இ.எஃப்.ஆர். என்று சுருக்கமாக வழங்கப்படும் அதில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள் உள்ளன. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும், தன் வீடு, உறவினர், உடைமை ஆகியவற்றைப் பற்றிய எளிய வினாக்களுக்கு விடை கூறவும் இயலுமாயின் அது முதற்படி. குடும்பம், கடைத்தெரு, வாழும் ஊர், செய்யும் தொழில் போன்ற பழகிய செய்திகளைப் பற்றி எளிய முறையில் உரையாட இயலுமாயின் அது இரண்டாம் படி. மலேசியப் பள்ளிகளில் 2017 ஆம் ஆண்டில் முதலாம் ஆண்டு மாணவர்களிலிருந்து தொடங்கி, ஆங்கிலப் பாடத்திட்டம் இக்கட்டமைப்பையொட்டி அமைக்கப்பட்டது. தொடக்கப்பள்ளியை முடிக்கும் மாணவர் ஏ2 படியை எட்ட வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

கடந்துவந்த பாதை

நாம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மாணவராக இருந்த காலத்தில் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு நடைபெற்றது. 1988 ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். என்னும் ஆறாம் ஆண்டுத் தேர்வு அதன் இடத்தைப் பெற்றது. 2010 ஆம் ஆண்டில் தொடங்கிய லினுஸ் திட்டம், முதற்படிநிலை மாணவரின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. 2013 ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தறிவும் அதில் சேர்க்கப்பட்டது. எழுத்தை இனங்காணுதல் முதல் வாக்கியம் அமைத்தல்வரை படிப்படியாக, வாய்மொழியாகவும் எழுத்து வழியாகவும் பிள்ளைகள் சோதிக்கப்பட்டனர். 2016 ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். ஆங்கிலம், கருத்துணர்தல் என்றும் எழுத்து என்றும் இரண்டாகப் பிரித்துத் தரமிடப்பட்டது. கோவிட் பெருந்தொற்றினால் 2020 ஆம் ஆண்டில் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021 ஆம் ஆண்டில் அது முற்றாக அகற்றப்பட்டது.

அதன் பின்னர்த் தேர்வுத்தாள் வெளியிலிருந்து வருவதைக் காட்டிலும், ஆசிரியரே வகுப்பில் மதிப்பிடுவது மிகுதியாயிற்று. ஆதலின் பள்ளியின் பொறுப்பும் மிகுதியாயிற்று. தாளை அனுப்பியவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இனி வழியில்லை.

நாம் செய்த பிழை

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன்பு, நம் பொறுப்பிலிருந்த பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு ஆங்கிலக் கேட்டல் சோதனை ஒன்று நடத்தினோம். சாலையோர வகுப்பறையைத் தேர்ந்தெடுத்தோம். அதுவே விசாலமானது என்பது காரணம். காலை பத்து மணியளவில் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வழியே சென்றன. ஒலிப்பெட்டி சிறியது; கடைசி வரிசையிலோ கூரை விசிறியின் ஓசை வேறு. பதினைந்தா ஐம்பதா என்று பிரித்தறிய வேண்டிய வினாவில் வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் தவறினர்.

நாம் என்ன செய்தோம்? பிள்ளைகளைக் கடிந்துகொண்டோம். ‘கவனம் போதாது’ என்று குறிப்பேட்டில் எழுதியனுப்பினோம். மறுநாள் மாலை, தோட்டத்தில் மருந்து தெளிக்கும் வேலை செய்யும் தாய் ஒருவர் குறிப்பேட்டைக் கையில் ஏந்தி வந்தார். “சார், பையன் கவனிக்கலன்னு எழுதியிருக்கீங்க. லோரி சத்தத்துல ஒன்னுமே காதுல விழலன்னு அழுவுறான். அவன் சொல்றது நெசமா?” என்று பணிவாகக் கேட்டார். அவர் குரலில் சினமில்லை. அதனாலேயே அவ்வினா நம்மை மிகவும் வருத்தியது.

நாமே அவ்வறையின் கடைசி வரிசையில் சென்றமர்ந்து ஒலிப்பதிவை இயக்கச் செய்தோம். நமக்கும் விளங்கவில்லை. அடுத்த வாரம் நூலக அறையில் சன்னல்களை அடைத்து, வேறு வினாக்களைக் கொண்டு மீண்டும் சோதித்தோம். முன்பு தவறியவர்களுள் மிகப் பலர் சரியாக விடையளித்தனர். முதற்சோதனையில் நாம் அளந்தது பிள்ளைகளின் ஆங்கிலத்தையன்று. லோரியின் இரைச்சலையே அளந்தோம். அந்தக் குறிப்பேட்டில் நாம் எழுதியதை நாமே அடித்துத் திருத்திக் கையொப்பமிட்டோம்.

பள்ளி செய்ய வேண்டுவன

முதலாவது, பொறுப்பும் நாளும். தேர்வுக்குப் பொறுப்பாசிரியர் ஒருவரை ஆண்டின் தொடக்கத்திலேயே நியமித்தல் வேண்டும். விளையாட்டுப் போட்டி, திருவிழா, தடுப்பூசி போடும் நாள் ஆகியவற்றோடு மோதாதவாறு நாள் குறித்தல் வேண்டும். வினாத்தாள்களை எண்ணிப் பெற்று, உறையிலிட்டுப் பூட்டி வைத்து, எவரிடம் எப்போது கொடுக்கப்பட்டது என்பதைப் பதிந்துகொள்ளுதல் வேண்டும். வினாவை முன்னரே அறிந்த ஒரு பிள்ளை, அறியாத பிள்ளைகள் அனைவர்க்கும் அநீதி இழைக்கும் கருவியாகிவிடுகின்றது, தன்னையறியாமலே.

இரண்டாவது, கேட்டல். ஒலிபெருக்கியை முதல்நாளே, அதே நேரத்தில், அதே அறையில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். கேட்பவர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் ஆசிரியர் வாசிப்பதற்கு எழுத்துப்படி ஆயத்தமாக இருத்தல் நன்று. காதில் சீழ் வடியும் பிள்ளை, செவித்திறன் குன்றிய பிள்ளை யார் என்பதை வகுப்பாசிரியர் அறிந்து, முன்வரிசையில் அமர்த்துதல் வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். தமிழில் ‘படம்’ என்னும் சொல்லில் வரும் பகரமும் ‘கம்பம்’ என்னும் சொல்லின் நடுவில் வரும் பகரமும் ஒரே எழுத்து, ஒலியோ வேறு. எழுத்து நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்கின்றது. ஆங்கிலத்தில் அவ்விரு ஒலிகளும் சொல்லின் முதலில் வந்து பொருளையே மாற்றும். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘பின்’ என்றே அமையக் காணலாம். நம் பிள்ளை இவ்விடத்தில் தடுமாறுவது அறிவுக் குறைவினாலன்று. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு கற்பித்து இதனைத் தீர்த்துவிடவும் இயலாது. முதலாம் ஆண்டிலிருந்தே செவிப்பயிற்சி அளித்தல் வேண்டும்.

மூன்றாவது, பேச்சு. நால்வகைத் திறனுள் இதுவே மதிப்பிடுவதற்கு அரிது. மாணவி ஒருத்தி பேச்சுச் சோதனையில் வாய் திறவாமல் நின்றாள். ஆசிரியர் மிகத் தாழ்ந்த அடைவுநிலையைக் குறித்தார். அன்று இடைவேளையில் அவளே பள்ளித் தோட்டத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பூக்களின் நிறங்களை ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பதை அவ்வாசிரியரே கேட்டார். அவளிடம் மொழி இருந்தது. துணிவு வரும்வரை நாம்தாம் காத்திருக்கவில்லை. ஆதலின் முதல் வினா, பெயர், வீடு, விருப்பமான உணவு என எளிதாக அமைதல் வேண்டும். கேட்டபின் மனத்திற்குள் பத்து எண்ணும்வரை ஆசிரியர் பொறுத்திருத்தல் நலம். ஒரே வினாவை எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வகையில் கேட்டல் வேண்டும். பொருள் விளங்குமாறு பேசும் பிள்ளையைத் தமிழ் ஒலிச்சாயல் உள்ளது என்பதற்காகத் தாழ்த்துதல் முறையன்று.

இயன்றால் இரண்டு ஆசிரியர்கள் அதே பிள்ளையைத் தனித்தனியே மதிப்பிட்டுப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒருவர் மூன்றாம் அடைவுநிலை என்றும் மற்றவர் ஐந்தாம் அடைவுநிலை என்றும் குறித்தால், குறை பிள்ளையிடத்தில் இல்லை. அளவுகோலை இருவரும் ஒன்றுபோல் புரிந்துகொள்ளவில்லை என்பதே பொருள். சிறிய பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவரே இருப்பாராயின், அண்டைப் பள்ளி ஆசிரியரின் துணையை நாடலாம்.

நான்காவது, வாசிப்பும் எழுத்தும். விடைத்தாளின் அமைப்பையும் வினா வகைகளையும் முன்கூட்டியே தமிழில் விளக்கிக் கூறிப் பழக்குதல் வேண்டும். தேர்வறையில் வினாவை மொழிபெயர்த்துச் சொல்லுதல் கூடாது. ஆனால், எங்கே எழுதுவது என்று அறியாமையினால் ஒரு பிள்ளை மதிப்பெண் இழப்பதும் கூடாது. எல்லாரும் காணுமாறு கடிகாரம், ஆடாத மேசை, கூடுதலாகச் சில பென்சில்கள் ஆகிய இவை சிறியனபோல் தோன்றினும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. காய்ச்சலால் வராத பிள்ளைக்கு வேறொரு நாள் குறித்தல் வேண்டும்.

ஐந்தாவது, தேர்வுக்குப் பின். இது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. எத்தனைபேர் தேறினர் என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், எந்தத் திறனில் எவர் தளர்ந்துள்ளனர் என்று பிரித்தறிந்து, அடுத்த மாதப் பாடத்தை அதற்கேற்ப மாற்றுதல் வேண்டும். அவ்வாறு மாற்றாவிடின் தேர்வு நடத்தியதன் பயன் யாது?

பெற்றோர்க்கு ஒரு சொல்

‘எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது?’ என்று பெற்றோர் பலர் நம்மிடம் வருந்திக் கூறியதுண்டு. வருந்த வேண்டுவதில்லை. அன்று நடந்ததைத் தமிழில் முதலிலிருந்து முடிவுவரை சொல்லப் பழகிய பிள்ளைக்கு, வேறொரு மொழியில் சொல்லும்போது சொற்களை மட்டுமே தேட வேண்டியிருக்கும். கருத்தைத் தேட வேண்டியிராது. ஆகவே வீட்டில் பிள்ளையுடன் தமிழில் நிறையப் பேசுங்கள். பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவரும் ஆங்கில நூலை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொருள் உங்களுக்கு விளங்காவிடினும், உங்கள் முன் வாசித்துப் பழகிய பிள்ளை ஆசிரியர் முன் அஞ்சாது.

விடியுமுன் வேலைக்குச் செல்வோர் பிள்ளைக்கு வேண்டிய பசியாறலை இரவே ஏற்பாடு செய்து வையுங்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவு நேரத்தோடு உறங்கச் செய்யுங்கள். காது வலி, கண் மங்கல் ஆகிய எதுவாயினும் வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கூறுங்கள். முடிவு குறைவாக வந்தால் அடிப்பதற்கு முன் பிள்ளையிடம் காரணம் கேளுங்கள். பிறகு எங்களிடமும் வந்து கேளுங்கள். அன்று குறிப்பேட்டுடன் வந்த தாய் கேட்காதிருந்தால், நம் பிழை நமக்கே தெரியாமற் போயிருக்கும்.

மாணவச் செல்வங்களே! தாய்மொழி தமிழ், நாட்டு மொழி மலாய், உலகத் தொடர்பு மொழி ஆங்கிலம் என மும்மொழிகளையும் இளமையிலேயே ஏந்தி நடப்பவர்கள் நீங்கள். அது பாரந்தான், ஆயினும் நீங்கள் சுமக்க இயலாத பாரமன்று. தேர்வறையில் வினா சரியாகக் காதில் விழவில்லையெனில், அஞ்சாமல் கையை உயர்த்திச் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். தராசைச் சரிபார்ப்பது எங்கள் வேலை.