எல்.இ.டி.க்கும் உண்டு ரேங்க்!

குட்டீஸ், உங்கள் வீட்டில் பழைய எல்.இ.டி. டார்ச் லைட் ஒன்று கிடக்கிறதா? திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைக்குமே, அந்த மாதிரி. அதன் முகத்தில் ஏழெட்டு வெள்ளை எல்.இ.டி.க்கள் பூவின் இதழ் போல வட்டமாக இருக்கும். வாங்கிய புதிதில் எல்லாமே ஜோராக எரியும். சில மாதம் போனதும் ஒன்று மட்டும் மங்கும், பிறகு அணைந்தே விடும். கொஞ்ச நாளில் அடுத்தது போகும். எல்லாம் ஒரே மாதிரி எல்.இ.டி., எரிவதும் ஒரே பேட்டரியில். அப்புறம் ஏன் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு போகிறது?

சாலிடர் சரியாக ஒட்டாமல் போனாலும் இப்படி ஆகும். ஆனால் இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும், எந்த இரண்டு எல்.இ.டி.யும் அச்சு அசலாக ஒன்று போல இருப்பதில்லை!

எல்.இ.டி. என்பது ஒருவகை டையோடு. ஒருவழிப் பாதை மாதிரி, அதில் மின்சாரம் ஒரு பக்கமாக மட்டும்தான் போகும். அதுவும் சும்மா போய்விடாது. தேவையான வோல்ட் கொடுத்தால்தான் வழி விடும். அந்த அளவுக்கு 'முன்னோக்கு மின்னழுத்தம்' என்று பெயர். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். சிவப்பு ஒளியைவிட நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் இல்லையா? அதற்கேற்றபடி கூடுதலாகக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். சரி, வெள்ளைக்கு? அதற்கும் சுமார் 3 வோல்ட்தான். ஏனென்றால் நாம் பார்க்கிற பெரும்பாலான வெள்ளை எல்.இ.டி.க்களின் உள்ளே இருப்பது நீல சிப்! அதன்மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் பூச்சு பூசியிருப்பார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

இந்த நீலத்தைக் கொண்டுவர விஞ்ஞானிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்காவின் நிக் ஹோலோன்யாக் 1962ஆம் ஆண்டே உருவாக்கிவிட்டார். பளிச்சென்று எரியும் நீல எல்.இ.டி.யை ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்த சுஜி நாகமுரா அறிவித்தது 1993இல்தான். இதற்கு வழிகண்ட இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

தோசைக்கல்லும் சிப்பும்

அம்மா தோசை ஊற்றும்போது கவனித்திருக்கிறீர்களா? நடுவில் சிவந்திருக்கும், ஓரத்தில் வெளுத்திருக்கும். ஒரே மாவு, ஒரே கல், ஒரே அடுப்பு! எல்.இ.டி. சிப் செய்வதும் ஏறக்குறைய இதே கதைதான். நீலக்கல் என்று சொல்கிறோமே, அந்தப் படிகத்தால் ஆன வட்டமான மெல்லிய வில்லையை ஆயிரம் டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் வைத்து, அதன்மேல் காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் படலம் படலமாக வளர்ப்பார்கள். சில படலங்களின் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பிறகு அந்த வில்லையை வெட்டினால் ஆயிரக்கணக்கான சிப்கள் கிடைக்கும். நடுவில் இருந்த சிப்புக்கும் ஓரத்தில் இருந்த சிப்புக்கும் சூடு கொஞ்சம் மாறினாலும் போதும். ஒன்றுக்கு 2.9 வோல்ட், இன்னொன்றுக்கு 3.2 வோல்ட் என்று ஆகிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட முடியுமா? மண்டியில் மாம்பழம் தரம் பிரிப்பது போலப் பிரித்துவிடுகிறார்கள். எல்.இ.டி.க்களை இயந்திரம் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒரே அளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, எத்தனை வோல்ட், எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம் என்று அளக்கும். எல்லாம் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். நேரம் எடுத்தால் சிப் சூடாகி அளவே மாறிவிடுமே! அளந்ததும் அதற்குரிய தொட்டியில் போட்டுவிடும். 2.9 முதல் 3.0 வோல்ட் வரை ஒரு தொட்டி, 3.0 முதல் 3.1 வரை அடுத்தது, இப்படி. தொழிற்சாலைகளில் இந்தத் தொட்டிக்குப் 'பின்' என்று பெயர். ('முன், பின்' என்கிறோமே, அந்தப் பின் இல்லை. ஆங்கிலத்தில் தொட்டியைக் குறிக்கும் சொல்.) நிச்சியா நிறுவனத்தின் தகவல் தாள்களில் இதையே 'ரேங்க்' என்று போட்டிருப்பார்கள். முதல் ரேங்க், கடைசி ரேங்க் என்று பயப்பட வேண்டாம்! இங்கே ரேங்க் என்றால் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

வெளிச்சத்தில் 5 வகை, நிறத்தில் 6 வகை, வோல்ட்டில் 5 வகை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை தொட்டி வேண்டும்? பெருக்கிப் பாருங்கள். 150!

இவ்வளவு சிரமம் எதற்கு? 0.1 வோல்ட் என்ன பெரிய வித்தியாசமா?

இரண்டு கலிங்கு உள்ள ஏரி

ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து ஓடுவதற்குக் கலிங்கு கட்டியிருப்பார்கள். ஒரு ஏரிக்கு இரண்டு கலிங்கு இருக்கிறது. அதில் ஒன்று அரை அடி தாழ்வு. தண்ணீர் எதில் அதிகம் ஓடும்? தாழ்வானதில்தான். அதில் தண்ணீர் அடித்துக்கொண்டு ஓட ஓட, கரை அரித்து இன்னும் தாழ்ந்துபோகும். அதனால் இன்னும் அதிகத் தண்ணீர் ஓடும். கடைசியில் உடைப்பே எடுத்துவிடும்.

டார்ச்சுக்குள் நடப்பதும் இதுதான். மலிவான டார்ச்சில் எல்லா எல்.இ.டி.யும் பக்கம் பக்கமாக, அதாவது பக்க இணைப்பில் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வோல்ட். வோல்ட் தேவை குறைந்த எல்.இ.டி. தன் பங்கைவிட அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். 3 வோல்ட்டில் 0.1 வோல்ட் என்பது நூற்றுக்கு மூன்று பங்குதான். ஆனால் மின்னோட்டம் அதைப்போலப் பல மடங்கு மாறிவிடும். அதிக மின்னோட்டம் போனால் சூடாகும். சூடானால் அந்த எல்.இ.டி.யின் வோல்ட் தேவை இன்னும் இறங்கும். இன்னும் அதிகமாக இழுக்கும், இன்னும் சூடாகும்... ஒருநாள் அணைந்துவிடும். அது சுமந்த பாரம் மற்றவற்றின் தலையில் விழும். அடுத்த பலவீனமான ஆள் சிக்கிக்கொள்வார்!

ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனியாக ஒரு மின்தடையைப் போட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மாலை கோப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் வைத்தால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும். அப்போது இந்தப் போட்டியே கிடையாது. ஆனால் ஒன்றின் உள்ளே இணைப்பு அறுந்தாலும் மொத்த மாலையும் அணைந்துவிடும். பெரிய விளக்குகளில் இப்படிப்பட்ட மாலைகள் பலவற்றைப் பக்கம் பக்கமாக வைப்பதும் உண்டு. அங்கே மாலைக்கு மாலை மொத்த வோல்ட் ஒத்துப்போக வேண்டும்.

அதனால்தான் விளக்கு செய்பவர்கள், "எனக்கு இந்தத் தொட்டி எல்.இ.டி.தான் வேண்டும்" என்று கேட்டு ஆர்டர் கொடுக்கிறார்கள். பாதாம் மட்டும் பொறுக்கித் தரச் சொன்னால் மிக்சர் கடைக்காரர் சும்மா தருவாரா? விலை கூடும், சில சமயம் காத்திருக்கவும் வேண்டும். மீதித் தொட்டிகளையும் தொழிற்சாலை யாருக்காவது விற்றாக வேண்டுமே! புத்திசாலிகள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பல தொட்டிகளிலிருந்தும் வாங்கி, கூட்டுத்தொகை சமமாக வரும்படி மாலை கோத்துவிடுவார்கள். நீங்களும் முயலுங்கள்: 2.8, 2.9, 3.0, 3.0, 3.1, 3.2 வோல்ட்டில் ஆறு எல்.இ.டி. இருக்கின்றன. மூன்று மூன்றாக இரண்டு மாலை கோக்க வேண்டும். இரண்டிலும் மொத்தம் 9 வோல்ட் வரவேண்டும். எப்படி?

ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு நீல எல்.இ.டி., சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு பிளக் பாயிண்ட் பக்கமே போகக்கூடாது. பட்டன் செல்லைத் தம்பி, தங்கை விழுங்கிவிட்டால் உள்ளே புண்ணாகி உயிருக்கே ஆபத்து. எனவே அப்பாவையோ அக்காவையோ உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடிந்ததும் செல்லை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

நீல எல்.இ.டி.யின் நீளமான கால் செல்லின் '+' பக்கம், குட்டைக் கால் மறுபக்கம் படும்படி பிடியுங்கள். நீலம் எரிகிறதா? இப்போது அதை எடுக்காமலே, சிவப்பு எல்.இ.டி.யையும் அதே மாதிரி பக்கத்தில் வையுங்கள். சிவப்பு எரியும், நீலம் அணைந்துவிடும்! சிவப்பு 2 வோல்ட் கலிங்கு அல்லவா? அது திறந்ததும் மின்னோட்டமெல்லாம் அதன் வழியே போகிறது. செல்லின் வோல்ட்டும் 2ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. நீலத்தின் 3 வோல்ட் படியை ஏற வழியில்லை. சிவப்பை எடுத்துவிட்டால், நீலம் மறுபடி கண் விழிக்கும்.

(விடை: 2.8 + 3.0 + 3.2, 2.9 + 3.0 + 3.1)