பல்லும் சொல்லும்

'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பது நம்மவர் பழமொழி. இதன் உண்மை தொல்காப்பியப் பிறப்பியலால் தெளிவாகும். எழுத்துகள் பிறத்தற்குரிய எட்டு உறுப்புகளுள் பல்லும் ஒன்று. மேற்பல்லின் அடியை நாநுனி தொடத் தகாரமும் நகாரமும், மேற்பல் கீழுதட்டைச் சேர வகாரமும் பிறக்கின்றன. முன்பல்லை இழந்தோர்க்கு இவ்வொலிகள் குழறும். அதற்கு நாணிச் சபையிலே வாய் திறவாது ஒதுங்கும் முதியோர் பலர்.

ஆதலாற் பொய்ப்பல் வெறும் அலங்காரமன்று. தொடக்கத்தில் உறுத்தும், பேச்சுத் தடுமாறும். நாடோறும் உரக்க வாசித்துவர நாப் பழகிவிடும். இரவிற் கழற்றிக் கழுவி நீரில் இடுதல் வேண்டும். பல்லற்ற தாடையெலும்பு காலப்போக்கில் தேய்வதால், பொய்ப்பல் தளரும்போது பல் வைத்தியரிடம் காட்டிச் சீர்செய்தல் அவசியம். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லவேண்டிய வாய் மூடிக்கிடத்தலாகாது.