ஊமை லேப்டாப்பைப் பேச வைக்கலாமா?

காக்களூர்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? சிட்கோ தொழிற்பேட்டை, ஷிஃப்ட் முடிஞ்சு திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு ஓடுற கூட்டம்... இன்னொண்ணும் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இங்கேதான். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது. எத்தனை பேர் அதை ஒருதரமாவது திறந்து பார்த்தோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க!

அக்காவோ அண்ணனோ வாங்கின அப்படி ஒரு லேப்டாப் உங்க வீட்டுப் பரண்ல தூங்கிட்டிருக்கலாம். எடுத்து, புது லினக்ஸ் போடுறீங்க. வைஃபை ஓகே, படம் ஓகே. பாட்டைப் போட்டா... மூச்! 'லினக்ஸே இப்படித்தான் மச்சி'ன்னு உடனே மூடி வெச்சிடாதீங்க.

விஷயம் இதுதான். சவுண்ட் சிப் ஒரே மாதிரி இருந்தாலும், அதன் எந்தக் காலை ஸ்பீக்கருக்கு இழுப்பது, எதை ஹெட்போனுக்கு, எதை மைக்குக்கு என்பதை லேப்டாப் கம்பெனிகள் அவங்கவங்க இஷ்டத்துக்கு முடிவு பண்ணும். அந்த விவரம் பயாஸில் சரியா இருக்கணும். சில மாடல்கள்ல தப்பா இருக்கும். டிரைவர் பாவம், ஒயரே இல்லாத காலுக்குப் பாட்டை அனுப்பிட்டிருக்கும்! அதனாலதான் லினக்ஸ் டிரைவருக்குள்ளே 'இந்த மாடல்னா இப்படி நடந்துக்கோ'ன்னு ஒரு நீளமான பட்டியல் இருக்கு. 'குவர்க்'னு பேரு.

இந்த சவுண்ட் சிஸ்டத்தின் பேர் அல்சா. செக் நாட்டுக்காரர் ஜரோஸ்லாவ் கைசெலா 1998-ல், கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற கார்டை வைத்து ஆரம்பிச்சது. 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு ஊரெல்லாம் பரவிடுச்சு. எல்லாம் சுலபமா நடக்கலை. 2005-ல் வந்த எக்ஸ்-ஃபை கார்டுக்கான டிரைவர் கெர்னலுக்குள் நுழைய 2009 ஆச்சு.

சரி, சோதனை டிரைவரை டெஸ்ட் பண்ண நீங்க ரெடியா? ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி மட்டும் இந்த விஷப்பரீட்சை வேண்டாம். பழைய கெர்னலை அழிக்காதீங்க. சிஸ்டம் கிளம்பலைன்னா அதுதான் உங்களைக் காப்பாத்தும். முக்கியமா, முதல்தரம் ஹெட்போனைக் காதுல மாட்டிக்காதீங்க. சோதனை டிரைவர் திடீர்னு முழு வால்யூமில் அலறும்!

முதல்ல அல்சாமிக்ஸரைத் திறந்து பாருங்க. ஏதாவது ஒரு சேனல் ம்யூட்டில் இருந்தா, 'எம்' கீயைத் தட்டினாலே பிரச்னை தீர்ந்துடலாம். (நண்பர்களைக் கூட்டி வெச்சுக்கிட்டு இதைச் செய்யாதீங்க, மானம் போயிடும்.) அதுக்கும் மசியலைன்னா புது டிரைவரைப் போடுங்க. ரெண்டு ஸ்பீக்கரும் பேசுதா? ஹெட்போன் சொருகினா ஸ்பீக்கர் அமைதியாகுதா? மைக் பதியுதா? லேப்டாப்பைத் தூங்க வெச்சு எழுப்பின பிறகும் சவுண்ட் வருதா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் மறந்துடுவோம்.

அப்புறம் டெவலப்பருக்கு எழுதணும். 'சவுண்ட் வரலை சார்'னு ஒரு வரி எழுதினா அவர் என்ன செய்வார்? அல்சா-இன்ஃபோன்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு. சிப் எது, எந்தக் கால் எதுக்குன்னு மொத்த ஜாதகத்தையும் ஒரே ஃபைலில் கொடுத்துடும். அதை இணைச்சு, எந்தக் கெர்னல் வரைக்கும் வேலை செஞ்சது, எதிலிருந்து நின்னுச்சுன்னும் சொல்லுங்க. அவர் ஐரோப்பாவில் உட்கார்ந்திருப்பார். நம்ம ஊர் டெண்டரில் வந்த மாடலைக் கண்ணால கூடப் பார்த்திருக்க மாட்டார். உங்க காதுதான் அவருக்கும் காது!

திருத்தம் அனுப்புவார். பழைய லேப்டாப்பில் கெர்னலை கம்பைல் பண்ணவே ஒரு ராத்திரி போயிடும். காலையில போட்டுப் பார்த்தா மறுபடியும் மூச்! 'வேலை செய்யலை'ன்னு பதில் போடுங்க. அவர் தேடுற இடம் கொஞ்சம் குறுகும். இப்படி மூணு, நாலு தரம் நடக்கலாம். ஒருநாள் கரகரன்னாவது சத்தம் வரும் பாருங்க, அந்த சுகமே தனி! திருத்தம் ஜெயிச்சதும், டெவலப்பர் 'டெஸ்டட்-பை'ன்னு உங்க பேரைச் சேர்த்தால், அது லினக்ஸ் கெர்னலின் வரலாற்றுப் பதிவிலேயே இருக்கும். கேம்பஸ் இன்டர்வியூவில், 'தேடிப் பார்த்துக்கோங்க சார்'னு கெத்தா சொல்லலாமே!

வர்ற சனிக்கிழமை பரண் ஏறுங்க. சார்ஜர் எங்கேன்னு அம்மாகிட்ட முதல்லயே கேட்டுக்கோங்க. பேட்டரி எப்படியும் செத்துத்தான் இருக்கும்.