காணியின் பெயரையும் பாடுவோம்



இடம்பெயர்ந்த எம் மக்கள் உடுப்பு மூட்டையோடும் குடும்ப அட்டையோடும் எடுத்துச் சென்ற இன்னொன்றும் உண்டு. அதற்குப் பாரமில்லை, சோதனைச் சாவடியில் அதை இறக்கிக் காட்டவும் வேண்டியிருக்கவில்லை. பிறந்து வளர்ந்த வீட்டுக்கு ஒருநாள் திரும்பிப் போவோம் என்ற பாட்டுத்தான் அது. முகாம்களிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் அது பாடப்பட்டது. அந்தப் பாட்டு எமக்கு என்ன செய்தது? இனி அது என்ன செய்ய வேண்டும்? சற்றுச் சிந்திப்போம்.

பாட்டுக்குப் பழகிய ஊர்

யாழ். நகரின் ஓரத்தில், கடலேரிக் கரையில் இருக்கும் கொழும்புத்துறையை எடுத்துக்கொள்வோம். யோகர் சுவாமிகள் (1872 – 1964) நெடுங்காலம் குடிசையில் வாழ்ந்தது இங்கேதான். அவருடைய நற்சிந்தனைப் பாடல்கள் இன்றும் வீடுகளில் பாடப்படுகின்றன. எமது பெரிய குருமடமும் இவ்வூரிலேயே இருக்கிறது. தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (1676 – 1742) வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு இசைப்பது கத்தோலிக்க மக்களின் வழக்கம். இக்கரையோரத்து ஊர்களுக்கு நாட்டுக்கூத்தும் புதிதல்ல. ஒலிபெருக்கி வருமுன்னரே குரலும் தாளமுமாகப் பாடிப் பழகிய மக்கள் இவர்கள்.

தோட்டத்திலும் பாட்டு இருந்தது. ஒருவர் துலா மிதிக்க, மற்றவர் பட்டையால் இறைத்து ஊற்றிய காலத்தில், களைப்புத் தெரியாதிருக்கப் பாடினார்கள். நீரிறைக்கும் இயந்திரம் வந்ததும் அந்தப் பாட்டு அடங்கிவிட்டது. 1990 ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஒலிநாடா கேட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் முடியாத இரவுகளில், குப்பி விளக்கைச் சுற்றியிருந்து தாமே பாடினார்கள்.

பின்னர் 1995 ஒக்டோபர் 30 வந்தது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேறினார்கள். கொழும்புத்துறையாரும் அரியாலையைக் கடந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தார்கள். 1996 ஏப்ரலுக்குப் பின் பெரும்பாலானோர் திரும்பினார்கள். எல்லோருக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் மயிலிட்டி மக்களுக்குத் தம் துறைமுகம் 2017 யூலையிலேயே கிடைத்தது. அப்பகுதியில் இன்னும் விடுவிக்கப்படாத காணிகள் உண்டு.

அழுகையும் ஆரவாரமும்

ஊர் திரும்பும் பாட்டு எமக்கு மட்டும் உரியதன்று. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட யூத மக்கள், ஆற்றங்கரை மரங்களில் தம் யாழ்களை மாட்டிவிட்டு, பிறநாட்டில் பாடமாட்டோம் என்று இருந்ததைத் திருப்பாடல் 137 சொல்கிறது. திரும்பியவர்களின் மகிழ்ச்சியை, கண்ணீரோடு விதைத்து மகிழ்வோடு அறுக்கும் கமக்காரனுக்கு ஒப்பிடுகிறது திருப்பாடல் 126.

எஸ்ரா நூலின் மூன்றாம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். திரும்பி வந்தவர்கள் ஆலயத்துக்கு அடித்தளம் இட்டபோது, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரத்து அழுதார்கள். மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அழுகுரல் எது, மகிழ்ச்சிக் குரல் எது என்று பிரித்தறிய முடியாதிருந்ததாம்.

மீள்குடியேறிய எந்தக் கிராமத்திலும் இதைக் காணலாம். ஆச்சி கூரையில்லாத சுவரைத் தடவி அழுகிறார். பேரப்பிள்ளைக்கு அது விளையாட இடம் கிடைத்த நாள். ஆச்சியின் பாட்டில் இருக்கும் வீட்டைப் பிள்ளை கண்டதில்லை.

காணாத வீட்டைப் பாடுதல்

காணாத வீட்டையும் பாட முடியும். கிற்றாரோடு உலகமெங்கும் பாடப்படும் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ 1971 இல் ஜோன் டென்வர் பாடி வெளிவந்தது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவைச் சொந்த ஊராக நினைத்து ஏங்கும் பாட்டு அது. ஆனால் அதை எழுதத் தொடங்கிய பில் டனோவ் அப்போது அந்த மாநிலத்துக்குப் போனதே இல்லை. மலையும் ஆறும் பாதையும் பாட்டில் இருந்தால், ஏக்கம் தானே பிறந்துவிடுகிறது.

எமது பிள்ளைகளில் பலரும் இப்படித்தான் ஊரை அறிகிறார்கள். முகாமில் பிறந்தவர்கள், வன்னியில் வளர்ந்தவர்கள், கனடாவிலும் பிரான்சிலும் பிறந்தவர்கள் பாட்டின் வழியாகவே யாழ்ப்பாணத்தை நேசிக்கிறார்கள். இது நல்லதே. ஆனால் பனைமரம், பூவரசம் வேலி, மாம்பழம், நிலவு என்று மட்டும் பாடினால், அது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் வளவு எது என்று பிள்ளைக்குத் தெரியாது.

பாட்டில் விடுபட்டவை

யாழ்ப்பாணத்தில் காணிகளுக்குப் பெயர் உண்டு. உறுதியை விரித்தால், இன்ன பெயருடைய காணி, இத்தனை பரப்பு, நான்கு எல்லைகளிலும் இன்னார் என்று எழுதியிருக்கும். பங்குக் கிணறும் வழி வாய்க்கால் உரிமையும் குறிக்கப்பட்டிருக்கும். உறுதி தொலைந்த குடும்பங்கள் எத்தனை! காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம். ஆனால் காணியின் பெயரோ உறுதி முடித்த நொத்தாரிசின் பெயரோ தெரியாமல் தேடுவது எளிதல்ல. அந்தப் பெயர்கள் இன்று அப்புமாரின் நினைவில்தான் இருக்கின்றன. அவர்கள் போனால் பெயர்களும் போய்விடும்.

அயலவரும் எமது பாட்டில் குறைவு. 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கும் திரும்பும் பாட்டு உண்டு. எமது பாட்டு நீதியானதென்றால், அவர்களின் பாட்டும் நீதியானதே.

காணியே இல்லாதவரும் இருந்தார்கள். பிறர் வளவில் குடிலமைத்து, பிறர் தோட்டத்தில் கூலிக்கு இறைத்தவர்கள் அவர்கள். ‘எங்கள் வீடு’ என்று நாம் பாடும்போது அவர்கள் எதைப் பாடுவார்கள்? மீள்குடியேற்றம் என்பது உறுதி உள்ளவருக்கு மட்டும் ஆகலாமா? உங்கள் கிராமச் சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்.

நாம் செய்யக்கூடியது

இதற்கு வாத்தியக் கருவிகள் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்த கும்மி மெட்டோ தாலாட்டு மெட்டோ போதும். கிற்றார் வாசிக்கத் தெரிந்த இளைஞர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைத்தாளம் உண்டு. ஒரு மாலையில் மூத்தவர்களைச் சுற்றிப் பிள்ளைகளை இருத்துங்கள். பிள்ளைகளே கேட்கட்டும்.

“ஆச்சி, எங்கட காணிக்கு என்ன பேர்?”

“அப்பு, கிழக்கு எல்லையில ஆற்ற வளவு?”

“கிணத்தில எத்தினை பேருக்குப் பங்கு? தண்ணி நல்லதோ, உவரோ?”

“ஆர் ஆர் எங்களோட தோட்டத்தில நிண்டவை?”

வரும் பதில்களைக் கொப்பியில் எழுதி, பிறகு மெட்டில் அமைத்துப் பாடுங்கள். காணியின் பெயர் ஓர் அடி, எல்லைகள் ஓர் அடி, கிணறும் மரங்களும் ஓர் அடி, அயலவர் ஓர் அடி. தொடர்ந்து பாடினால் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்குத் தொலைபேசியில் பாடிக் காட்டலாம். அவர்களுக்கு நினைவில் உள்ளதையும் கேட்டுச் சேர்க்கலாம்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு உறுதிக்கு ஈடாகாது; நீதிமன்றம் அதை ஏற்காது. ஆகவே அந்தக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். கிராம அலுவலரிடமோ பதிவகத்துக்கோ போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். எங்கே தேடத் தொடங்குவது என்பதை அது காட்டும்.

மஹாகவி என்று நாம் அறிந்த அளவெட்டி து. உருத்திரமூர்த்தி (1927 – 1971) ‘யாழ்ப்பாணம் செல்வேன்’ என்று கவிதை பாடினார். அவர் விரும்பிய நாளில் ஏறிச் செல்லப் புகைவண்டி இருந்தது. பின்வந்த எமக்குப் பல ஆண்டுகள் அந்த வழியே அடைபட்டிருந்தது. வழி திறந்தபின் போனவர்களும் தேடியது ஒரு வேலியை, ஒரு கிணற்றை, ஓர் எல்லைக் கல்லை. எமது பிள்ளைகள் அங்கே போய் நிற்கும் நாளில், இது எங்கள் காணி, இது அயலவர் காணி என்று சரியாகச் சொல்லக்கூடியவர்களாக இருக்கட்டும். அதற்கான பாட்டை மூத்தவர்கள் எம்மோடு இருக்கும்போதே கட்டிவிடுவோம்.